கம்பெனி லோகோ போட்ட சணல் பை: உண்மையிலேயே சூழலுக்கு நல்லதா, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் பம்ப் செட் உதிரிபாகம் செய்யும் நிறுவனம், 25-வது ஆண்டு. ஊழியர்கள், டீலர்கள், வாடிக்கையாளர்கள் எல்லாமாக 2,000 பேருக்குத் தீபாவளியை ஒட்டி லோகோ போட்ட சணல் பை கொடுக்கலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. கொட்டேஷன் கொடுத்தவர் "100% இயற்கைக்கு உகந்தது" என்கிறார். அது உண்மையா, வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், செலவை சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, கொடுக்கிற பையை ஜனங்கள் எடுத்துப் பயன்படுத்துவார்களா என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றது பாதி முடிந்த மாதிரி.

துணிப் பையும் சணல் பையும் தைத்து, பிரிண்ட் போட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன். துணி, தையல், மை, கைப்பிடி பற்றிச் சொல்வதெல்லாம் கைப்பட்ட அனுபவம். சூழல் ஆய்வுகளைப் பற்றிச் சொல்வது, வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்கத் தேடிப் படித்தது. நான் விஞ்ஞானி இல்லை, அந்தப் பகுதியை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத சங்கதி. சணல் நல்ல பயிர். மார்ச்சிலிருந்து மே வரைக்குள் விதைத்தால் நாலு மாதத்தில் அறுத்துவிடலாம். மேற்கு வங்கம், பிகார், அசாம் பக்கம் பெரும்பாலும் மழையை நம்பியே விளைகிறது. பருத்தியோடு ஒப்பிட்டால் பூச்சிமருந்து ரொம்பக் குறைவு. வளரும்போது உதிரும் இலை மண்ணுக்கே உரமாகிறது, அறுத்த பிறகு அதே வயலில் நெல் நடுகிறார்கள். நாரும் முழுக்க மக்கக்கூடியது. கெட்ட பக்கமும் இருக்கிறது, அதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. அறுத்த தண்டைக் கட்டுக்கட்டாகக் குளத்திலோ ஓடையிலோ இரண்டு மூன்று வாரம் ஊறப் போட்டால்தான் நார் பிரியும். அந்தத் தண்ணீர் கறுத்து நாறிப்போகும், மீன் தாங்காது. இடுப்பளவு தண்ணீரில் நின்று நாரை உரிக்கும் ஆட்களின் தோலும் தாங்காது. அப்புறம் அந்த நார் கல்கத்தா பக்கம் ஹூக்ளி ஆற்றங்கரை ஆலைகளுக்குப் போய் (1855-இல் ரிஷ்ராவில் முதல் ஆலை வந்ததிலிருந்து இந்தத் தொழிலின் நடுவிடம் அதுதான்) நூலாகி, துணியாகி, லாரியில் நம்மிடம் வருகிறது. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கே ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர், கோவைக்கு இன்னும் 500. ஆக, சணல் நல்லதுதான், ஆனால் செலவே வைக்காமல் வருகிற பொருள் இல்லை.

"பிளாஸ்டிக் பையை விட எவ்வளவு நல்லது?" என்பதில்தான் குழப்பம் அதிகம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட அறிக்கையை அடிக்கடி எடுத்து வீசுவார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் மெல்லிய பிளாஸ்டிக் பையின் பருவநிலைப் பாதிப்புக்குச் சமமாக வர, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று சொன்ன அறிக்கை அது. துணி மாதிரி இருந்தாலும் பிளாஸ்டிக்கான நான்-வோவன் பைக்கு 11 முறை, காகிதப் பைக்கு 3 முறை. அந்த அறிக்கை சணலை எடுத்துக்கொள்ளவே இல்லை, அதனால் யாராவது சணலுக்கு 131 என்று சொன்னால் நம்ப வேண்டாம். 2018-இல் டென்மார்க் அரசின் சூழல் துறை வெளியிட்ட ஆய்வில் சணல், பாலிப்ரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்), பருத்தி மூன்றும் கலந்த ஒரு பை உண்டு. அதற்குப் பருவநிலைக் கணக்கில் மட்டும் 23 முறை, எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்தால் 870 முறை என்று போட்டிருந்தார்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருப்பதே, எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும் என்பதற்கு அத்தாட்சி. இன்னொன்று, அவர்கள் ஊரில் தெருக்குப்பை பெரிய சங்கதி இல்லை என்று அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நம் ஊரில் பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைக்கிறது, மாட்டின் வயிற்றில் போய்த் தங்குகிறது. அதைச் சேர்க்காத கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. ஆனாலும் அந்த ஆய்வுகள் சொல்லும் ஒரு விஷயம் எந்த ஊருக்கும் பொருந்தும்: நாலைந்து தடவை தூக்கிவிட்டுப் பரணில் போட்ட பை, எதனால் செய்ததாக இருந்தாலும் நஷ்டம். வாரம் ஒருமுறை உழவர் சந்தைக்குப் போகிறவர் கையில் இருக்கும் சணல் பை, ஆறு மாதத்துக்குள் அந்த 23-ஐத் தாண்டிவிடும்.

அதனால் துணியின் தரத்துக்கு முன்னால், வாங்குகிற ஆளின் பழக்கத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். சணல் பையின் பெரிய குறை, மடங்காது. மஞ்சப்பையை நாலாக மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வைக்கலாம், வேலை முடிந்து வரும் வழியில் கடையில் நிறுத்தினால் எடுத்துக்கொள்ளலாம். சணல் பை விறைப்பானது, அது வீட்டுச் சமையலறை ஆணியில்தான் தொங்கும், திட்டம் போட்டுச் சந்தைக்குக் கிளம்பும்போது மட்டும்தான் கைக்கு வரும். அதே விறைப்புதான் அதன் பலமும்கூட. காய்கறி நசுங்காது, தரையில் வைத்தால் வாய் திறந்து நிற்கும், எட்டுக் கிலோ தூக்கினாலும் துணிப் பை மாதிரி நீண்டு தொங்காது. உங்கள் டீலர்களும் ஊழியர்களும் வாராவாரம் குடும்பத்தோடு சந்தைக்குப் போகிறவர்களா, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டிலோடு கம்பெனி பஸ் ஏறுகிறவர்களா, வழியில் கிடைத்த கடையில் வாங்குகிறவர்களா? முதல் இரண்டு வகைக்குச் சணல் பொருந்தும். மூன்றாவது வகைக்குப் பருத்திப் பைதான். அது கரூர், ஈரோடு பக்கத் துணியிலேயே கிடைக்கும், விலையும் சணலை விடக் குறைவுதான். 2,000 பேருக்கும் ஒரே பை என்று முடிவு கட்டாமல், ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பி எது வேண்டும், அல்லது எதுவுமே வேண்டாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்கிறவருக்குப் பை போகாமல் இருப்பது மிச்சம், காசுக்கும் சரி சூழலுக்கும் சரி.

சணல்தான் என்று முடிவானால் முதலில் கேட்க வேண்டியது லேமினேஷன். சந்தையில் விற்கும் விளம்பரச் சணல் பைகளில் பெரும்பாலானவற்றின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். பை விறைப்பாக நிற்கும், தும்பு உதிராது, ஈரம் கசியாது, பிரிண்டும் பளிச்சென்று விழும், அதனால்தான் எல்லாரும் போடுகிறார்கள். ஆனால் அந்தப் படலம் ஒட்டியதும் மக்கும் என்ற பேச்சு போய்விட்டது. நாரையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்க முடியாது, எருக்குழியில் போட்டால் நார் மக்கி பிளாஸ்டிக் மட்டும் மிஞ்சும். மடிக்கிற இடத்தில் ஓரிரு வருடத்தில் படலம் பொரிந்து உதிரவும் ஆரம்பிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். பையை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மினுமினுப்பு தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்கும், வெறும் சணல் என்றால் மெதுவாக உறிஞ்சும். இன்னும் சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொளுத்துங்கள். சணல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். படலம் இருந்தால் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக விரலில் தட்டும்.

லேமினேஷன் இல்லாமலும் நல்ல பை செய்யலாம். நெருக்கமாக நெய்த துணியாகக் கேளுங்கள், இல்லையென்றால் நெசவில் நெடுக்கு, குறுக்கு நூல்களில் ஒன்று சணலும் மற்றது பருத்தியுமாக ஓடும் ஜூகோ துணி. சணலை விட மென்மை, தும்பு குறைவு, பிரிண்டும் சுத்தமாக விழும், ஓரளவு மடங்கவும் செய்யும். அலுவலகப் பை என்றால் உள்ளே காடாத் துணி லைனிங் கொடுத்துவிடலாம். விலை கூடும், மறைக்கவில்லை. 2,000 லேமினேட் பைக்கு வைத்திருக்கும் பணத்தில் 1,400 நல்ல பைதான் வரும் என்றால், என் கணக்கில் அந்த 1,400-தான் சரி. இன்னொன்று, தைக்கிற நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராகத்தான் இருக்கும், பருத்தி நூலில் இந்த முரட்டுத் துணி சீக்கிரம் பிரிந்துவிடும். அது தப்பில்லை. ஆனால் "100%" என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்.

சாம்பிள் பை கைக்கு வந்ததும் முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மாதிரி வாடை அடித்தால், நாரை மென்மையாக்க ஆலையில் மினரல் ஆயில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உணவுப் பொருள் அடைக்கும் சாக்குக்கு, தவிட்டு எண்ணெய் மாதிரித் தாவர எண்ணெய் போட்ட சணல்தான் வேண்டும் என்று சர்வதேச வரையறையே இருக்கிறது, ஒரு கிலோ நாரில் 1,250 மில்லிகிராமுக்கு மேல், மினரல் ஆயில் மாதிரி சோப்பாக மாறாத எண்ணெய்ப் பொருள் இருக்கக் கூடாது என்று. கைப்பையை அந்த வரையறைக்குள் யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். காய்கறியும் பழமும் அதற்குள்தானே போகப் போகிறது. சாயம் போட்ட பை என்றால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால், மழையில் நனைந்த அன்றே யாருடைய வெள்ளைச் சட்டையிலோ அது ஒட்டும். என்னைக் கேட்டால் சாயமே வேண்டாம், சணலின் சொந்த நிறமே அழகு. வெயிலில் கிடந்தால் கொஞ்சம் பழுப்பாகும், அது நாரின் குணம், எந்த ஆலையும் அதை மாற்ற முடியாது.

பை கிழிவது துணியில் இல்லை, கைப்பிடி சேரும் இடத்தில். அங்கே ஒரு சதுரம் அடித்து நடுவே பெருக்கல் குறி போட்டுத் தைத்திருக்கிறார்களா, கைப்பிடியின் நுனி வாய் மடிப்புக்குள் இரண்டு அங்குலமாவது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வாய் ஓரத்தில் ஒரு கோடு ஓட்டியிருந்தால் தேங்காயும் அரிசியும் தாங்காது. சாம்பிளில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டு ராத்திரி முழுக்கக் கொக்கியில் தொங்கவிடுங்கள், காலையில் தையல் பல் இளித்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கைப்பிடி பருத்திப் பட்டையாக இருக்கட்டும், சணல் கயிறு உள்ளங்கையை அறுக்கும், மூங்கில் வளையம் பார்க்க அழகு, ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டாது. நீளம், கையில் பிடித்தால் பை தரையில் இழுபடாமல், தோளில் மாட்டினால் அக்குளில் இடிக்காமல் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு கிடைக்கும், பெண் ஊழியர்கள் இரண்டு பேரிடம் மாட்டிப் பார்க்கச் சொன்னால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

லோகோ பற்றி மார்க்கெட்டிங் ஆட்களோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம். பை முழுக்க லோகோ, கீழே போன் நம்பர், வெப்சைட், முதலாளி படம், "25-வது ஆண்டு விழா" என்று தேதி, எல்லாம் போடச் சொல்வார்கள். அப்படி ஒரு பையை வீட்டு விசேஷத்துக்கோ கோயிலுக்கோ யாரும் எடுத்துப் போக மாட்டார்கள், தேதி போட்டதால் அடுத்த வருடமே அது பழைய பை. முன்பக்கம் ஜனங்களுக்குப் பிடிக்கிற ஒரு படம் போடுங்கள், உங்கள் தொழிலுக்குக் கிணறு, ஏற்றம், தென்னந்தோப்பு என்று எவ்வளவோ இருக்கிறது. கம்பெனி பெயர் கீழ் மூலையிலோ பக்கவாட்டிலோ இரண்டு அங்குலத்தில் இருந்தால் போதும். ஆயிரம் தடவை கண்ணில் படும் சின்ன லோகோ, ஒரு தடவை பார்த்துப் பரணுக்குப் போகும் பெரிய லோகோவை விட அதிகம் விளம்பரம் செய்யும். தொழில்நுட்பமாகவும் இதுதான் சௌகரியம். சணலின் நெசவு முரடு, மெல்லிய கோடும் குட்டி எழுத்தும் ஸ்க்ரீன் பிரிண்டில் உடைந்துபோகும், தமிழ் எழுத்தின் சுழிகள் அடைபடும். ஒன்று அல்லது இரண்டு நிறம், தடித்த எழுத்து, தண்ணீரில் கரைத்துப் போடும் பிக்மென்ட் மை. ஸ்டிக்கர் மாதிரிச் சூட்டில் ஒட்டும் பிரிண்ட் பளபளவென்று இருக்கும், இந்த முரட்டுத் துணியில் சீக்கிரம் உரியும், அதுவும் பிளாஸ்டிக்தான்.

சட்டப் பக்கம் மூன்று விஷயம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தடைப் பட்டியலில் 14 பொருள், அதில் நான்-வோவன் பையும் பிளாஸ்டிக் பூச்சுள்ள கேரி பேக்கும் உண்டு. அதனால் "சணல் வேண்டாம், துணி மாதிரியே இருக்கும், பாதி விலை" என்று யாராவது நான்-வோவன் காட்டினால் பேச்சே வேண்டாம். லேமினேட் செய்த சணல் அந்தப் பூச்சு என்ற வார்த்தைக்குள் வருமா என்பது வாதத்துக்கு உரியது, ஆனால் சூழலின் பெயரால் கொடுக்கும் பரிசு அந்த வாதத்தில் போய் மாட்டுவானேன்? இரண்டாவது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் போலிப் பசுமை விளம்பரத்துக்கு எதிராக வழிகாட்டுதல் கொண்டுவந்திருக்கிறது. இயற்கைக்கு உகந்தது, பசுமையானது என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, ஆதாரமும் விளக்கமும் வேண்டும். ஆகவே பையில் அந்த வாசகமே வேண்டாம். "சணல் துணி, பருத்திக் கைப்பிடி, லேமினேஷன் இல்லை, துவைக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும்" என்று உள்ளே ஒரு சின்ன லேபிள் தைத்தால் அது உண்மையும் ஆச்சு, உபயோகமும் ஆச்சு. மூன்றாவது சிஎஸ்ஆர். ஊழியர்களுக்கு மட்டும் பலன் தருவதும், தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சரும் சிஎஸ்ஆர் ஆகாது என்று 2021 திருத்தத்துக்குப் பிறகு விதியே வெளிப்படையாகச் சொல்கிறது. லோகோ போட்ட பையை ஊழியர்களுக்கும் டீலர்களுக்கும் கொடுப்பதை அதில் காட்ட எனக்கு வழி தெரியவில்லை, விளம்பரச் செலவாகவே எழுதுங்கள், கடைசி வார்த்தை உங்கள் ஆடிட்டருடையது.

தைக்கும் வேலையை மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்த பிறகு பை தைக்கும் குழுக்களைத் தேடிப் பிடிப்பது சிரமமில்லை. ஆனால் சணலுக்குக் கனமான தையல் மெஷின் வேண்டும், வீட்டு மெஷினில் ஊசி உடையும், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். முன்பணம் கொடுங்கள், அவர்களால் துணிக்குப் பணம் முடக்க முடியாது. துணி ரேட் எத்தனை நாளைக்குச் செல்லும் என்றும் எழுத்தில் வாங்குங்கள், கச்சாச் சணல் விலை திடீரென்று ஏறும். 2021-இல் ஏறிய ஏற்றத்தில் மத்திய அரசே குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது.

உங்கள் தேதி தீபாவளி என்பதால் ஒரு எச்சரிக்கை. சணல் காற்றின் ஈரத்தை நன்றாக உறிஞ்சும் நார். ஐப்பசி அடைமழையில் பிரிண்ட் காயாது, காயாமல் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சை பிடித்தால் அந்தக் கரும்புள்ளியை எதனாலும் எடுக்க முடியாது. ஆகஸ்ட் கடைசிக்குள் பிரிண்ட் முடிந்துவிட வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு பையையும் தனித்தனி பாலித்தீன் கவரில் போட்டுத் தருவது பல பேரின் வழக்கம். ஒரு பைக்கு ஒரு கவர் என்றால் 2,000 பிளாஸ்டிக் கவர் உங்கள் அலுவலக வாசலில் குவியும், ஈரமும் உள்ளேயே அடைபடும். இருபத்தைந்து பைக்கு ஒரு கட்டு, சணல் கயிற்றில் கட்டி அட்டைப் பெட்டியில் வரட்டும்.

கடைசியாக, ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் இருபது சாம்பிள் பை மட்டும் காசு கொடுத்துத் தைத்து வாங்கி, ஷாப் ஃப்ளோரில் பத்துப் பேருக்கும் ஆபீசில் பத்துப் பேருக்கும் கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் ஒரு மாதம் விட்டுவிட்டு, கடைசியாக எப்போது எடுத்துப் போனீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் போன வாரம் என்றால் தைரியமாகச் சணலுக்கே போகலாம். "வீட்டில்தான் இருக்கு" என்ற பதில் அதிகம் வந்தால், அதே படத்தைப் பருத்திப் பையில் போட்டுக் கொடுங்கள், மிச்சப் பணத்தில் கைப்பிடியை இன்னும் கெட்டியாகத் தைக்கச் சொல்லலாம்.